பெத்துராஜ் அறுத்த கயிறு

எங்கள் ஊரில் ஹெலிகாப்டரைப் பார்த்தவர்கள் எல்லோரும் தேர்தல் சமயத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்கள்தான். அதிலிருந்து குதித்த ஆள் இன்றைக்கு ஒருவன்தான் உண்டு. பெத்துராஜ். பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்காரன். ராணுவத்தில் பாராசூட் படையில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, இப்போது எங்கள் சங்கரன்கோவில் கோவில் வாசலில் காவலாளியாக நிற்கிறான். மெட்டல் டிடெக்டர் நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு தடுப்புக் கயிறு, ஒரு பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான் அவனுடைய இன்றைய ராணுவம்.

எனக்குத் தெற்கு ரதவீதியில் ஜெராக்ஸ் கடை. பென்ஷன் மனு, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், ஆதார் திருத்தம் என்று எழுதியும் கொடுப்பேன். டூட்டி முடிந்தால் பெத்துராஜ் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். வருகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "என்னவே, ஹெலிகாப்டர்ல இருந்து குதிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். வயிற்றைக் கலக்குமா, ஒன்றுக்கு வருமா என்று கேட்டவர்களும் உண்டு. அவன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தான்.

"காத்து அடிக்கும்."

கேட்டவருக்குச் சப்பென்று போய்விடும். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். எனக்கே எரிச்சலாக இருக்கும். நூற்றுக்கும் மேலே குதித்திருக்கிறான், ஒரு கதை சொன்னால் குறைந்தா போய்விடுவான் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். வாய்விட்டே ஒரு நாள் திட்டியும் இருக்கிறேன்.

என்னிடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம் என்ற கணக்கில் சொல்லியிருந்தான். விமானத்தில் இருந்து குதித்தால் காற்று நம்மைப் பின்னால் இழுத்து எறியும், முதுகில் இருக்கும் பெரிய குடை சட்டென்று விரிந்துவிடும். நாலு எண்ணினால் போதும். ஹெலிகாப்டர் அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். கால் வைத்தால் கிணற்றில் போட்ட கல்லாக நேரே கீழேதான். குடை காற்றைப் பிடிக்க நேரமாகும். அதனால் ஆறு எண்ண வேண்டும். ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று ஆறுவரை. அதற்குள் பெரிய குடை விரிந்து தோளை இழுத்துப் பிடிக்காவிட்டால், வயிற்றில் கட்டியிருக்கும் சின்னக் குடையின் சிவப்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

"அந்த அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு அண்ணாச்சி. அங்கன ஒண்ணுமே இருக்காது. சத்தம்கூட இருக்காது" என்று ஒரு நாள் சொன்னான். பிறகு நாலு மாதம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதே படையில் அவனோடு இருந்தவர் சங்கரகணேஷ். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வயதில் இவனைவிட மூன்று வருஷம் மூத்தவர். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், இருவரும் ஒரே அறை, ஒரே வரிசை. சங்கரகணேஷ் 2007 பிப்ரவரியில் வடக்கே ஒரு பயிற்சியில் இறந்துபோனார். பெரிய குடை முறுக்கிக்கொண்டது, சின்னக் குடை திறக்கவில்லை என்று சொன்னார்கள். பெட்டியோடு கூட வந்தவன் பெத்துராஜ்தான். எங்கள் ஊர் அன்றைக்குக் கடையடைத்தது, கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

அவருடைய மனைவி பிரம்மநாயகி. அப்போது இருபத்தாறு வயது, கையில் இரண்டு வயதுப் பெண் மீனலோசினி. பிரம்மநாயகியின் பென்ஷன் காகிதங்களை எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் சங்கரகணேஷின் படம் கிடையாது. மாலை போட்ட படம் இல்லை, கல்யாணப் படமும் இல்லை. பென்ஷன் மனுவுக்குப் புகைப்படம் கேட்டபோது பீரோவின் அடித்தட்டில் துணிக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜெராக்ஸ் எடுத்ததும் வாங்கித் தலைகுப்புற பைக்குள் போட்டுக்கொண்டாள். என்னம்மா இப்படி என்று கேட்டேன்.

"அவருக்கு எம்மேலயும் நெனப்பில்ல, சாமி மேலயும் நெனப்பில்ல அண்ணாச்சி. இருந்திருந்தா அந்தப் பையை மறந்துட்டுப் போயிருப்பாரா?"

அந்தப் பையின் கதை தெருவுக்கே தெரிந்த கதை. எங்கள் கோவில் புற்றுமண் என்றால் வெளியூர்க்காரர்களும் வந்து வாங்கிப் போவார்கள். நெற்றியில் இடுவார்கள், நோய் நொடிக்குப் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். கடைசியாக லீவில் வந்த கணவனுக்குப் பிரம்மநாயகி ஒரு சின்ன மஞ்சள் துணிப் பை தைத்து, அதில் மண்ணைப் போட்டு, கயிறு கோர்த்துக் கழுத்தில் கட்டி அனுப்பினாள். குதிக்கும்போது கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெத்துராஜ் அந்தப் பையை அவள் கையில் கொடுத்து, "கட்டில்லயே மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு மைனி" என்றான். அன்றைக்கு அவள் அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

மறந்துபோன புருஷன் மேல் அவளுக்குக் கோபம். மண்ணின் மேல் அசையாத நம்பிக்கை. பெத்துராஜ் ராணுவத்தை விட்டு வந்ததிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் கோவில் வாசலுக்கு வந்து, காவலில் நிற்கும் பெத்துராஜின் நெற்றியில் அவளே மண்ணை இடுவாள். "நீயாவது மறக்காத தம்பி" என்பாள். அவன் குனிந்து நிற்பான். அவள் தலை மறைந்ததும் கைக்குட்டையால் துடைத்துவிடுவான். அதை நான் இரண்டு தடவை பார்த்தேன். சாமிக்குக் காவல் நிற்கிறவன் இப்படிச் செய்யலாமா என்று மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டேன். நானும் மற்றவர்களைப் போலத்தான், பாதி தெரிந்தால் முழுதும் தெரிந்ததாக நினைத்துக்கொள்ளும் ஆள்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழைக்கு முந்தைய புழுக்கம். மீனலோசினி கடைக்கு வந்தாள். செல்போன் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாள். பெத்துராஜ் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"யாருக்குட்டி ஆஸ்பத்திரி?" என்றேன்.

"அம்மாவுக்குத்தான் மாமா. சுகர் புண்ணு. பெருவிரல் கறுத்துப் போச்சு. நாத்தம் அடிக்கி. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போவணும், இல்லன்னா காலோட போவாது, உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லுதாவ. அம்மா வரமாட்டேங்கா. மண்ணு பூசுதா."

"கோவில்லயே சொல்லுவாவளே, புண்ணுக்கு டாக்டர்ட்ட காட்டுன்னு" என்றேன்.

"அதெல்லாம் கேக்கமாட்டேங்கா. கோவில் மண்ணு போதலன்னு நேத்து அப்பாவோட பையைப் பிரிச்சிட்டா மாமா. அந்த மஞ்சப் பை. 'அவரு கட்டாமப் போன மண்ணு, எனக்காவது ஆவட்டும்'னு சொல்லிப் பூசிட்டுப் படுத்திருக்கா. காலைத் தொட விடமாட்டேங்கா. சித்தப்பா, நீங்க வந்து சொன்னா கேப்பா" என்று பெத்துராஜைப் பார்த்தாள்.

பெத்துராஜ் டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்தான். வைத்த இடத்தில் பெஞ்சு இல்லை. கிளாஸ் விழுந்து உடைந்தது.

"நீ முன்னால போ மக்கா. நான் பின்னாலயே வாரேன்" என்றான். அவள் போனதும் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அன்றைக்கு அவன் பேசியது இத்தனை வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

குதிப்பதற்கு முன்னால் ஒரு முறை உண்டாம். வரிசையில் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனைச் சோதிக்க வேண்டும். முதுகில் உள்ள பெரிய குடை, கொக்கி, வார், பிறகு ஆளைத் திருப்பி வயிற்றில் உள்ள சின்னக் குடை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் தோளில் ஒரு தட்டுத் தட்டி 'ஓகே' சொல்ல வேண்டும். அந்த ஓகேக்கு அர்த்தம், இவன் உயிருக்கு நான் பொறுப்பு என்பதுதான். அன்றைக்கு முன்னால் நின்றவர் சங்கரகணேஷ். பின்னால் பெத்துராஜ்.

சங்கரகணேஷ் கழுத்தில் கயிற்றைப் பார்த்த அதிகாரி, கழற்று என்று சத்தம் போட்டார். கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவர் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உடம்பெல்லாம் வார் இறுக்கிக் கட்டியாகிவிட்டது, சட்டைப்பைக்குக் கை போகவில்லை. ஹெலிகாப்டர் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"'ஏலே பெத்து, இத எங்கனயாவது எம்மேல வச்சு விடுலே, அவட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்'னான். எனக்கும் வேற எடம் தோணல அண்ணாச்சி. சின்னக் குடையோட மூடிக்குக் கீழ சொருகினேன். விழுந்துரக் கூடாதுன்னு கயித்தை அந்தக் கைப்பிடிக் கம்பில ஒரு சுத்துச் சுத்தி முடிஞ்சேன். நல்லா இறுக்கி முடிஞ்சேன்."

"உன் பையில போட்டிருக்கலாமேடா."

"போட்டிருக்கலாம். எத்தன தடவ நெனச்சிருக்கேன். ஆனா அவன் மேல இருந்தாத்தான அவனக் காக்கும்? எங்கிட்ட இருந்தா என்னைத்தான காக்கும்? அப்படி நெனச்சேன். சாமி மண்ணு என்ன செஞ்சிரும்னு நெனச்சேன். தோள்ல தட்டி ஓகே சொன்னேன்."

பச்சை விளக்கு எரிந்தது. சங்கரகணேஷ் குதித்தார். அடுத்தது இவன். ஆறு எண்ணினான், தோளை இழுத்தது, குடை விரிந்தது, கீழே பார்த்தான். சங்கரகணேஷின் குடை பிழிந்த துண்டாக முறுக்கிக்கொண்டு மேலே நீட்டி நின்றது. ஆள் போய்க்கொண்டே இருந்தார்.

"ரெண்டு கையும் வயித்துல இருந்துச்சு அண்ணாச்சி. இழுக்கான், இழுக்கான். எனக்கு மேல இருந்து தெரியுது. நான் கத்துதேன். என்னன்னு கத்துதது?"

இவன் இறங்கி, குடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். முதலில் போனவன் இவன்தான். சிவப்புக் கைப்பிடி பாதி வெளியே வந்திருந்தது. மஞ்சள் கயிறு கம்பியை இறுக்கிக்கொண்டு இருந்தது. இடுப்புக் கத்தியை எடுத்து ஒரே அறுப்பு. பையைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் நண்பனின் முகத்தைப் பார்த்தான். விசாரணையில், சின்னக் குடையை இழுக்க நேரம் போதவில்லை என்று முடிவு எழுதினார்கள். இவன் தலையாட்டினான். அதற்குப் பிறகும் முப்பத்தொரு தடவை குதித்தான். முன்னால் நிற்பவனைச் சோதிக்க இவன் மட்டும் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வான் என்று பையன்கள் கேலி பேசுவார்களாம்.

"மைனிக்கு ஏன் பொய் சொன்னே?"

"அவ தச்ச பைதான் கொன்னுச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? அவ செத்துருவாள்லா" என்றான். உடைந்த கிளாஸ் துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, "எனக்கும் பயம்" என்றான்.

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு, "எந்திரி. போவோம்" என்றேன்.

பிரம்மநாயகி கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். வாசலிலேயே வாடை வந்தது. வலது பாதத்தில் காய்ந்த மண் வெடித்து, வெடிப்பில் நீர் கசிந்தது. தலைமாட்டில் அந்த மஞ்சள் பை, வயிறு பிரிந்து கிடந்தது. காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. இருந்தாலும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அவள் சுபாவம் அப்படி.

"வா தம்பி. இவ உன்னையும் கூட்டிட்டு வந்துட்டாளா? நான் எங்கனயும் வரமாட்டேன். மண்ணு கேக்கும். எல்லாருக்கும் கேட்டிருக்கு, எனக்குக் கேக்காதா? மறந்துட்டுப் போனவருக்குத்தான் கேக்கல."

பெத்துராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மைனி, அவன் மறக்கல."

"என்ன?"

"பை அவன் மேலதான் இருந்துச்சு. கழுத்துல இருந்து கழத்தச் சொல்லி அதிகாரி சத்தம் போட்டாரு. நாந்தான் வச்சேன். வைக்கக் கூடாத எடத்துல வச்சேன். கயித்தைக் கட்டினேன். அதனால சின்னக் குடை தெறக்கல. நாந்தான் அறுத்து எடுத்தேன். ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மீனலோசினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிரம்மநாயகி மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு தலைமாட்டில் இருந்த பையை எடுத்துக் கயிற்றின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகும் அந்த வெட்டு நேராக இருந்தது.

"எலி கடிச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "கழத்தச் சொன்ன பொறவும் கையில வச்சிருந்தாரா?"

"ஆமா மைனி. 'அவட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்'னான்."

"அப்படியே சொன்னாரா?"

"அப்படியேதான் சொன்னான்."

அவள் அழுதாள். பதினாறாம் நாள் நிறுத்திய அழுகை அது. பிள்ளை பெறும் வலியில் கத்துவதுபோல வாய் திறந்து அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "எத்தன வருசமா அந்த மனுசனை ஏசிட்டேனே, ஒரு விளக்கு வைக்கலியே" என்று கட்டில் சட்டத்தில் தலையை மோதினாள். நானும் மகளும் பிடித்துக்கொண்டோம். பெத்துராஜ் அவளைத் தொடவில்லை. தொட அவனுக்குத் தைரியம் இல்லை.

அழுது முடித்ததும் மகளைப் பார்த்து, "மண்ணு மேல இருந்தும் அவரு போயிட்டாரு. காரைக் கூப்பிடு. காலை எடுக்கணும்னா எடுக்கட்டும்" என்றாள். பிறகு பெத்துராஜைப் பார்த்தாள். "நீ இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைப் பெத்துராஜிடம் நான் சொல்லவில்லை. மீனலோசினி சொல்லிவிட்டாள். இளம்பிள்ளை, அவளுக்குக் கோபம் இருக்காதா? ஒன்று மட்டும் நான் போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கே பிரம்மநாயகி சங்கரகணேஷின் படத்தை எடுத்துக் கூடத்தில் மாட்டச் சொல்லிவிட்டாள், தினமும் பிச்சிப்பூச் சரம் போடுகிறாள் என்று. அவன் "சரி அண்ணாச்சி" என்றான். அதற்குப் பிறகு என் கடைப் பெஞ்சுக்கு அவன் வருவது குறைந்துபோனது.

இந்தப் பிப்ரவரியில், சங்கரகணேஷின் நினைவு நாளன்று காலையில், பிரம்மநாயகி கோவிலுக்கு வந்தாள். செயற்கைக் கால் பொருத்தி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் ஊன்றுகோல், ஒரு பக்கம் மகள். நான் அர்ச்சனைத் தட்டோடு பின்னால் நின்றேன். டிடெக்டர் நிலைக்குள் அவள் போனதும் அது கீச்சென்று கத்தியது. காலுக்குள் இருக்கும் கம்பி. பெண்களைச் சோதிக்க ஞானசெல்வி என்று ஒரு காவலர் உண்டு. அவள் டீ குடிக்கப் போயிருந்தாள்.

பெத்துராஜ் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நாலு மாதத்துக்குப் பிறகு இருவரும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். பின்னால் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது.

"கால்தான் சித்தப்பா, தெரியும்லா" என்றாள் மீனலோசினி.

"தெரியும் மக்கா. ஞானசெல்வி வரட்டும்."

"விட்டுருவே, கால் இல்லாத பொம்பளைய நிறுத்தி வச்சிக்கிட்டு" என்று வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். நானும்தான், "பெத்துராஜ், விடுடா" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டூலைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தான்.

"உக்காருங்க மைனி. பாக்காம விடமாட்டேன்."

அவள் உட்காரவில்லை. ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரம் தாங்கி நின்றாள். அவனையே பார்த்தாள்.

"இந்தப் புத்தி அன்னைக்கு இருந்திருக்கணும்" என்றாள்.

"ஆமா மைனி" என்றான் பெத்துராஜ்.

ஞானசெல்வி வரும்வரை அவன் கயிற்றை எடுக்கவில்லை.